அடுக்கி வைத்த ஆறு எண்கள்

ஸ்கேனர் எங்கள் வீட்டுக்கு ஒரு பிஸ்கட் டின்னில் வந்தது. கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் முன்னால் படித்த அக்கா, புதுச்சேரியில் வாக்கி டாக்கி அமைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறார். அவர்தான் டின்னை பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். இடுப்பில் இரண்டரை வயதுப் பாப்பாவை வைத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்று வாங்கிக்கொண்டு வந்தேன். திறந்தால், பழைய துண்டில் சுற்றிய, ரேடியோ பேச்சைக் கேட்கும் ஒரு கருவி. அந்தக் காலத்து செல்போன் மாதிரி தடியாக, தலையில் ஒரு ரப்பர் குச்சியோடு இருந்தது. கூடவே நிறுவனத்தின் தாளில் ஓர் அனுமதிக் கடிதம். இன்னாருக்கு, இந்த வேலைக்காக, இந்த வாரம் மட்டும், இந்த ரேடியோ அமைப்பைக் கேட்க அனுமதி உண்டு என்று முத்திரையோடு இருந்தது. அதைப் பாப்பாவின் தடுப்பூசி அட்டை இருக்கும் பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு வைத்தேன். எங்கள் வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

வேலை இதுதான். ஊருக்கு வெளியே செராமிக் எஸ்டேட்டில் ஐந்து கம்பெனிகள் சேர்ந்து புதிதாக ஒரு ரேடியோ அமைப்பைப் போட்டிருந்தன. சூளைக்காரர்கள், கேட், லாரி யார்டு, கேன்டீன் என்று எல்லாருக்கும் அதுதான். லாரிகள் ஊருக்குள் வந்து போவதால் ஊர் வரைக்கும் குரல் தெளிவாக வர வேண்டும். ஒப்படைப்பதற்கு முன்னால் ஒரு வாரம் யாராவது ஊருக்குள் நான்கைந்து இடங்களில் உட்கார்ந்து கேட்டு, நேரம் போட்டு எழுதித் தர வேண்டும்.

"ஒழுங்கா எழுதிக் குடுத்தன்னா, ரேடியோவுக்கெல்லாம் நம்பர் ஏத்துற வேலைய வூட்லேர்ந்தே செய்ய உனக்குக் குடுக்கச் சொல்லி எங்க சார்கிட்ட கேட்டிருக்கேன்" என்றார் அக்கா போனில். "என் பேர வெச்சு சொல்லியிருக்கேன்டி. பாத்துக்க."

என் பேர வெச்சு. அந்த மூன்று சொற்கள் அன்று முழுவதும் என் கூடவே இருந்தன. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். படிப்பு முடிந்து ஒரு வருடம் சென்னையில் வேலை பார்த்தேன். பிறகு கல்யாணம், பாப்பா. நான்கு வருடத்தில் நான் கடைசியாகத் திறந்து பார்த்த மின்கருவி பாப்பாவின் பாட்டுப் பாடும் வாத்து. அதையும் திரும்ப மூடியபோது ஒரு ஸ்குரு மிச்சமாகிவிட்டது.

உட்கார்ந்த உடனேயே அக்காவுக்கு மறுபடியும் போன் செய்தேன்.

"அக்கா, இது பாப்பா பக்கத்துல இருந்தா ஒண்ணும் ஆவாதே? அலை கிலை…"

"அது கேக்கற பொட்டிடி. வாங்கும், அனுப்பாது. உன் செல்போன்தான் அனுப்புது. அத பாப்பா கையில குடுத்துட்டுதான சோறு ஊட்டுற?"

அக்கா சொன்னது உண்மை.

கையேட்டைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க பயம் கொஞ்சம் விலகி வேறொன்று வந்தது. பரீட்சைக்குப் படித்தபோது வராத ஆர்வம் அது. இந்த மாதிரி அமைப்புக்கு டிரங்கிங் என்று பெயர். பாடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக எழுதியிருக்கிறேன், புரிந்துகொண்டதில்லை. இப்போது எங்கள் ஜங்ஷனை நினைத்துக்கொண்டதும் புரிந்தது. ஒவ்வொரு ரயிலுக்கும் தனியாக ஒரு பிளாட்பாரம் கட்டி வைப்பதில்லை. எது காலியாக இருக்கிறதோ அதில் விடுகிறார்கள். எந்த ரயில் எந்த பிளாட்பாரம் என்று அறிவிப்பு மட்டும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். நாம் அதைக் கேட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இங்கேயும் அப்படித்தான். கேட்காரர்களுக்கு ஒன்று, கேன்டீனுக்கு ஒன்று என்று அலைவரிசையைப் பிரித்துக் கொடுப்பதில்லை. மொத்தம் ஆறு அலைவரிசை. ஒன்று அறிவிப்புக்கு, மற்ற ஐந்து பேச்சுக்கு. கேட்காரர் பொத்தானை அழுத்தினால் அறிவிப்பு அலைவரிசை, 'கேட் குழு, நாலாம் எண்ணுக்குப் போ' என்கிறது. கேட் குழுவில் இருக்கிற எல்லா ரேடியோவும் கண் மூடித் திறப்பதற்குள் நாலாம் எண்ணுக்குத் தாவுகின்றன. பதில் சொல்பவர் அழுத்தும்போது அது இரண்டாம் எண்ணாகக்கூட இருக்கலாம். பேசுகிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது. ஸ்கேனரின் வேலை, அந்த அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே கூடவே தாவுவது.

அறிவிப்பு அலைவரிசையை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். மனிதக் குரல் இல்லை. தகரக் கூரையில் விடாமல் தூறல் விழுகிற மாதிரி ஓர் இரைச்சல். அதற்குள் ஐந்து கம்பெனியின் அவசரமும் இருக்கிறது என்று நினைத்தபோது நிறுத்த மனம் வரவில்லை. பாப்பா மட்டும் காதைப் பொத்திக்கொண்டு "வேணாம்" என்றாள்.

ஆறு அலைவரிசைகளையும் குழு எண்களையும் அக்கா ஒரு காகிதத்தின் போட்டோவாக வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். எஸ்டேட்டில் அமைப்பைப் பொருத்திய ஆள் கையால் எழுதியது. எழுத்து சாய்ந்தும் கோணியும் இருந்தது. அலைவரிசைகளோ ஏறியும் இறங்கியும் முன்னும் பின்னுமாகக் கிடந்தன. என் அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். எங்கள் வீட்டில் கரண்ட் பில்கூடத் தேதி வரிசையில்தான் ஆணியில் குத்தப்பட்டிருக்கும். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பருப்பு டப்பாக்கள் உயர வரிசையில் இருந்தால்தான் எனக்குச் சமைக்க வரும். அவசரத்தில் கிறுக்கியிருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு தாளில் ஆறு எண்களையும் சின்னதிலிருந்து பெரியது வரைக்கும் அழகாக எழுதி, அடிக்கோடு போட்டு, அதைப் பார்த்து ஸ்கேனரில் ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஏற்றிய பிறகு மூன்று தடவை சரிபார்த்தேன். ஒரு புள்ளிகூடத் தப்பில்லை.

குழுக்களுக்கும் பெயர் போட்டேன். கேட், யார்டு, சூளை, கேன்டீன், ஆண்டெனா கோபுரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு டவர். யார் பேசினாலும் திரையில் அந்தப் பெயர் வரும்.

அன்று சாயங்காலம் என் கணவர் வேலை முடிந்து வந்தார். எஸ்டேட்டில் மின்கம்பத்துப் பீங்கான் செய்யும் கம்பெனியில் லாரியில் சரக்கு ஏற்றி அனுப்பும் பிரிவில் இருக்கிறார். பேன்ட் மடிப்பில் எப்போதும் வெள்ளைத் தூள் இருக்கும். வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தவர், மேஜையில் ஸ்கேனரையும் நோட்டையும் பார்த்தார்.

"நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சது அடுத்தவன் பேசறத ஒட்டுக் கேக்கறதுக்கா?"

"லெட்டர் இருக்குதுங்க" என்று உறையை எடுத்து நீட்டினேன்.

"சும்மா சொன்னேம்மா. அத உள்ள வையி." பிறகு ஏதோ தோன்றி, "ஏய், நான் பேசறதும் இதுல வருமா?" என்றார்.

"யார்டு குழுவுல பேசினா வரும்."

"அப்ப நாளையிலேர்ந்து ஒழுங்கா பேசணும்."

மறுநாள் காலையில் கேட்கத் தொடங்கினேன். முதல் பத்து நிமிடத்தில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திரையில் கேட் என்று வந்தது. ஒருவர், "லாரிய உள்ள விடவா?" என்று கேட்டார். பதில் வந்தது, ஒரு பெண் குரலில்: "வேணாம், உப்பு போதும்." சூளைக்காரர் ஒருவர், "எத்தினி டிகிரியில நிக்குது?" என்றார். பதிலே இல்லை. வெறும் மௌனம். சற்று நேரம் கழித்து வேறொரு குரல், "ரசம் இல்ல, மோர்தான்" என்றது.

நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். நேரம், திரையில் வந்த குழு, கேட்ட அலைவரிசை, என்ன பேசினார்கள், தெளிவா, வெட்டா. ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த நொடியில் எந்த அலைவரிசையில் நிற்கிறது என்று காட்டும். அதை எழுத வேண்டும் என்று அக்கா சொல்லவில்லை. ஒரு கட்டம் மிச்சமாகிக் காலியாக இருந்ததால் எழுதினேன். மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதினேன். பாப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கோவில் தெருவில் நின்று எழுதினேன். எங்கே போனாலும் ஒரே கதை. கேள்வி கேட்கும், பதில் கேட்காது. இல்லையென்றால் கேட்ட கேள்விக்கும் வந்த பதிலுக்கும் சம்பந்தம் இருக்காது. ஆனாலும் அலுக்கவில்லை. தினமும் வெளியிலிருந்து புகைபோக்கியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இடம், துண்டு துண்டாகத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தது. கேன்டீன் அம்மா ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் "ஓவர்" என்று மறக்காமல் சொல்வார். சூளைக்காரர் ஒருவருக்கு இருமல். அவர் இருமினால் பாப்பாவும் இருமிக் காட்டினாள்.

இரண்டாம் நாள் பதினோரு மணிக்குத் திரையில் கேன்டீன் என்று வந்தது. "சரிங்க சார். இல்லீங்க சார், நானே நின்னு பாத்துக்கறேன். ஆச்சுங்க சார்." என் கணவரின் குரல். நான் எழுந்தே நின்றுவிட்டேன். இந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதில்லை. வீட்டில் அவர் குரல் கொஞ்சம் சோம்பலாக இருக்கும். இது முதுகை நிமிர்த்தி நிற்கிற குரல். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி ஒரு கூச்சம். ஸ்கேனரின் சத்தத்தைத் தணித்து வைத்தேன். அதன் பிறகுதான் திரையைக் கவனித்தேன். கேன்டீன். பதினோரு மணிக்கு இவருக்குக் கேன்டீனில் என்ன வேலை? வெயிலில் நின்று லாரி ஏற்றுகிறார் என்று தினமும் மோர் கட்டிக் கொடுத்து அனுப்புகிறேன்.

இரண்டு நாள் குறிப்பையும் சேர்த்து அன்று மத்தியானமே அக்காவுக்கு அனுப்பினேன். வார முடிவில் கொடுத்தால் போதும். ஆனால் குறையை முன்கூட்டியே சொல்வதுதான் பொறுப்பு என்று எனக்குத் தோன்றியது. 'எல்லா இடங்களிலும் பேச்சு பாதியில் வெட்டுகிறது. குழுக்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன' என்று எழுதி, அந்த வரியையும் அடிக்கோடிட்டு அனுப்பினேன். அக்காவிடமிருந்து, 'பாக்கறேன்' என்று ஒரே சொல் வந்தது. அந்தச் சொல் நல்லதா கெட்டதா என்று சாயங்காலம் வரைக்கும் யோசித்தேன்.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் கேட்டேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன்.

"பதினோரு மணிக்கு கேன்டீன்ல வடை சூடா இருந்துச்சா?"

"எந்த கேன்டீன்ல?"

"நீங்க பேசினத கேட்டேன். நானே நின்னு பாத்துக்கறேன் சார்னு சொன்னீங்க. எத பாத்துக்கறீங்க, வடையவா?"

அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அது எங்க மேனேஜர்கிட்ட பேசினது. யார்டுல, லாரி மேல நின்னுகிட்டு. வேர்வையில சட்டை பிழியற மாதிரி இருந்துச்சு. நீ என்னன்னா வடைங்கற."

"திரையில கேன்டீன்னுதாங்க வந்துச்சு."

"அப்ப உன் பொட்டி பொய் சொல்லுது."

"பொட்டி பொய் சொல்லலைங்க. உங்க ரேடியோவுலதான் கோளாறு. குழுவெல்லாம் கலக்குது, பேச்சு வெட்டுது. எழுதி அனுப்பிட்டேன்."

"வெட்டுதா?" அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "எங்களுக்கு ஒண்ணும் வெட்டலியே. பழசு மாதிரி கொரகொரன்னு இல்லாம, பக்கத்துல நின்னு பேசற மாதிரி கேக்குது. கேன்டீன்காரங்க பேச்சு ஒரு தடவகூட எங்களுக்கு வந்ததில்ல. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

பாப்பா ரசம் சாதத்தைத் தலையில் பூசிக்கொண்டிருந்தாள். அவளைக் கழுவித் துடைத்து விட்டேன். ஆனால் அவர் சொன்ன ஒரு வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. அவர்களுக்கு வெட்டவில்லை. எனக்கு மட்டும் வெட்டுகிறது.

மறுநாள் காலை அவர் "போயிட்டு வரேன்" என்று கிளம்பிய சற்று நேரத்தில் அக்காவின் செய்தி வந்தது. 'ஆண்டெனா கனெக்‌ஷன்ல தண்ணி இறங்கியிருக்கும்னு சார் சொல்றாரு. ரெண்டு பேர டவர் ஏறச் சொல்லியாச்சு. பதினோரு மணிக்கு சிஸ்டத்த நிறுத்திடுவாங்க. நீ அதுவரைக்கும் கேட்டு எழுது.'

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர் வீட்டு மாடியில் காய்ந்த புடவை கொடியோடு சேர்ந்து பறந்துகொண்டிருந்தது. எஸ்டேட் டவர் எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் பெண்ணாடம் போகும்போது தூரத்திலிருந்தே தெரியும். இந்தக் காற்றில் இரண்டு பேர் அதில் ஏறப் போகிறார்கள். நான் அடிக்கோடிட்ட ஒரு வரிக்காக.

நோட்டை எடுத்துப் பாப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவளுக்கு ஒரு வண்ணப் பென்சிலைக் கொடுத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். இந்த முறை என்ன பேசினார்கள் என்று படிக்கவில்லை. கேள்வியும் பதிலும் பொருந்திய இடங்களில் மட்டும் ஒரு புள்ளி வைத்தேன். திரையில் வந்த பெயரும் குரலும் பொருந்திய இடங்களிலும் வைத்தேன். இரண்டு பக்கம் முடிவதற்குள் புள்ளிகள் ஒரே இடத்தில் குவிவது தெரிந்தது. சரியாக இருந்த எல்லாமே ஒரே அலைவரிசையில். ஆறிலும் பெரிய எண். அது தவிர மற்ற நான்கிலும் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. மொட்டை மாடியில் என்றாலும் சரி, கோவில் தெருவில் என்றாலும் சரி. தண்ணீர் இறங்கிய ஆண்டெனாவுக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காது. இந்த அளவு ஒழுங்கு எங்கள் வீட்டில்தான் உண்டு.

போனில் அந்தக் கோணல் எழுத்துக் காகிதத்தைத் திறந்தேன். பக்கத்தில் என் தாளை வைத்தேன். அமைப்பைப் பொருத்தியவர் எழுதியதில் சின்ன எண் முதலில் இருந்தது. பெரிய எண் கடைசியில் இருந்தது. நடுவில் இருந்த நான்கும்தான் கலைந்து கிடந்தன. நான் வரிசைப்படுத்தியபோது முதலும் கடைசியும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன, நடுவில் நான்கும் இடம் மாறிவிட்டன. முதல் எண்தான் அறிவிப்பு அலைவரிசை. அதனால் அறிவிப்பு ஒழுங்காகக் கேட்டது. 'நாலாம் எண்ணுக்குப் போ' என்று அது சொன்னபோது ஸ்கேனர் கீழ்ப்படிதலோடு என் பட்டியலில் நாலாவதாக இருந்ததற்குப் போனது. எஸ்டேட்டின் நாலு வேறு, என் நாலு வேறு. அங்கே யாராவது பேசிக்கொண்டிருந்தால் அவர் பேச்சு, இல்லையென்றால் மௌனம். கேட்டுக்கும் கேன்டீனுக்கும் நடுவில் உப்பு போட்டது நான்தான்.

எழுதியவர் அவசரத்தில் கிறுக்கவில்லை. எது எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் எழுதியிருந்தார். கையேட்டைப் புரட்டினேன். நாற்பத்து சொச்சம் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அதுவே இருந்தது: அலைவரிசைகளைக் கொடுக்கப்பட்ட எண் வரிசையிலேயே ஏற்றவும். முதல் நாள் அந்தப் பக்கத்தைப் படித்து, முக்கியம் என்று ஓரத்தில் நட்சத்திரம்கூடப் போட்டிருக்கிறேன். எண் வரிசை என்றால் நான் வேறு என்னவென்று நினைப்பேன்?

மணி பத்தேகால். இங்கே நான் செய்ததை மறைக்காமல் எழுத வேண்டும். உடனே அக்காவுக்குப் போன் செய்யவில்லை. முதலில் என்னை நானே நம்பவில்லை. ஒருவேளை இதுவும் தப்பாக இருந்தால்? இரண்டு நாளில் இரண்டு தவறு செய்தவளை யார் வேலைக்கு வைப்பார்கள்? பிறகு அதைவிட மோசமான எண்ணம் ஒன்று வந்தது. பட்டியலைச் சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம். அவர்கள் ஏறுவார்கள், இரண்டு நட்டை முறுக்கிவிட்டு இறங்குவார்கள். நாளைக்கு 'இப்போது சரியாக இருக்கிறது' என்று நான் எழுதுவேன். எல்லாருக்கும் திருப்தி. யாருக்கும் தெரியாது. அக்காவின் பெயரும் கெடாது.

பட்டியலை மாற்றினேன். பாப்பா முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். ஒவ்வொரு எண்ணாக, கோணலாக எழுதியிருந்த அதே வரிசையில். விரல் இரண்டு தடவை தானாகச் சின்ன எண்ணைத் தேடிப் போனது. முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"லாரிய உள்ள விடவா?"

"விடு. ஏழாம் நம்பர் யார்டுக்கு அனுப்பு."

அவ்வளவுதான். கேள்வி, பதில். நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். கேன்டீன் என்று வந்தது, கேன்டீன் அம்மா பேசினார்: "சாம்பார் ஒரு அண்டா பத்தாது, ஓவர்." "பத்தலைன்னா தண்ணி ஊத்துக்கா." "உன் தட்டுல ஊத்தறேன், ஓவர்." இரண்டு நாளாகத் துண்டு துண்டாகக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பாப்பாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள்.

அப்போதுதான் திரையில் டவர் என்று வந்தது.

"முதல் தட்டுக்கு வந்துட்டோம். பெல்ட்டு மாட்டிக்கறோம்." மூச்சு வாங்கும் குரல். பின்னால் காற்று உறுமுவது கேட்டது.

"காத்து எப்படி இருக்குது அண்ணே?"

"ம்… ஆளத் தள்ளுது. கீழ நிக்கறவனுக்கு என்ன தெரியும்? இந்த ரிப்போர்ட்ட யார்டா எழுதினது?"

"யாரோ புது மேடமாம். வூட்லேர்ந்து கேக்கறாங்களாம்."

"வூட்லேர்ந்தா? அவங்கள வந்து ஏறச் சொல்லு."

ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. எவ்வளவு தெளிவு என்றால், அவர் பெல்ட்டின் கொக்கி மாட்டும் சத்தம்கூடக் கேட்டது. பாப்பாவைக் கீழே இறக்கிவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அவங்கள இறங்கச் சொல்லுங்க. டவர்ல ஒண்ணும் இல்ல. தப்பு என்னுதுக்கா."

"என்ன தப்பு?"

"அந்த ஆறு நம்பரையும்… வரிசையா அடுக்கிட்டேன்."

"அடுக்கிட்டேன்னா?"

"சின்னதிலேர்ந்து பெருசு."



"உன்னை யார்டி அடுக்கச் சொன்னது?" என்றார். குரல் தணிந்திருந்தது, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. "அஞ்சு கம்பெனிக்கும் பதினோரு மணிக்கு ரேடியோ இருக்காதுன்னு லெட்டர் அனுப்பியிருக்கேன். சார் உங்க ஊரு எஸ்டேட்லதான் நிக்கறாரு. இப்ப அவருகிட்ட என்னன்னு சொல்றது?"

"நான் செஞ்சதுன்னே சொல்லுங்கக்கா. நீங்க குடுத்தது சரியாத்தான் இருந்துச்சு."

"வை" என்றார்.

வைத்தேன். வேலை போய்விட்டது என்று தெரிந்தது. அதைப் பற்றி அழக்கூட நேரமில்லை, ஏனென்றால் அவர்கள் இறங்கினார்களா என்று தெரிய வேண்டியிருந்தது. ஸ்கேனரைக் காதோரம் வைத்துக்கொண்டு நின்றேன். சூளை வந்தது, யார்டு வந்தது. யார்டில் என் கணவர் யாரையோ "தார்ப்பாய நல்லா இழுத்துக் கட்டுப்பா" என்று அதட்டினார். யார்டில்தான் இருக்கிறார். அந்த நிலைமையிலும் அது மனதில் பதிந்தது. பிறகு டவர்.

"அண்ணே, இறங்கிடுங்க. வேல இல்லியாம்."

"இன்னாது? இப்பதான்டா மாட்டினேன்."

"அந்த மேடம் நம்பரையெல்லாம் அடுக்கி வெச்சிட்டாங்களாம். அதான் கலங்கிப் போச்சாம்."

"அடுக்கறதுக்கு அது என்ன பாத்திரமா?"

"பாத்து இறங்குங்கண்ணே."

"இறங்கறேன், இறங்கறேன். டீ சொல்லு. அந்த மேடம் பேரச் சொல்லி ரெண்டா சொல்லு."

முகம் காதுவரைக்கும் சுட்டது. ஆனாலும் காதிலிருந்து எடுக்கவில்லை. "தரைக்கு வந்துட்டோம்" என்று அவர் சொல்லும்வரை நின்றுகொண்டிருந்தேன். அதன் பிறகுதான் என் கால் வலிப்பது தெரிந்தது.

அக்கா கூப்பிட்டபோது பாப்பாவுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். இடது கையால் எடுத்தேன்.

"இறங்கிட்டாங்க" என்றார்.

"தெரியும்க்கா. கேட்டேன்."

"கேட்டியா? எவ்வளவு?"

"முழுசா."

"முழுசான்னா? சொல்லு, கடைசியா என்ன பேசினாங்க?"

பாப்பாவுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுச் சொன்னேன். "அடுக்கறதுக்கு அது என்ன பாத்திரமான்னு கேட்டாரு. அப்புறம் என் பேரச் சொல்லி ரெண்டு டீ."

அக்கா சிரிக்கவில்லை. இன்னொரு போனில், "சார், முதல் தட்டுலேர்ந்து ஊருக்குள்ள அவ வூடு வரைக்கும் ஒரு வார்த்தை விடாம கேட்டிருக்குது" என்று சொல்வது கேட்டது. பிறகு அந்தப் போனில் ஓர் ஆண் குரல் ஏதோ முணுமுணுத்தது. அக்கா என்னிடம் திரும்பினார்.

"சார் கேக்கறாரு, தப்பு உன்னுதுன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

"எந்த அலைவரிசையில கேட்டேன்னு எழுதி வெச்சிருந்தேன். புள்ளி வெச்சுப் பாத்தேன்."

"அத எழுதச் சொன்னனா நான்?"

"இல்லக்கா. கட்டம் காலியா இருந்துச்சு."

இப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு மாதிரிதான் இருந்தது, மன்னிப்பு மாதிரி இல்லை. "மீதி நாலு நாளையும் ஒழுங்கா எழுதி முடி. முடிச்சப்புறம் வேற ஊரு லிஸ்ட்டு ஒண்ணு அனுப்பச் சொல்றாரு. அதப் போட்டுக் காட்டினாத்தான் முடிவு சொல்லுவாராம். அதையாவது வந்தது வந்தபடியே போடு."

"சரிக்கா."

"அப்புறம், இன்னைக்கு கேட்டதையும் எழுது. நேரம் போட்டு, யாரு பேசினது, என்ன பேசினதுன்னு. எல்லாத்தையும்."

அன்று சாயங்காலம் கணவர் வாசலில் பேன்ட்டை உதறும்போதே, "கேன்டீன்னு சொன்னதுக்கு ஒரு மன்னிப்பு வேணும்" என்று குரல் கொடுத்தார். எஸ்டேட் முழுக்கக் கதை பரவியிருந்தது. அந்த மேடம் யார் என்று மட்டும் யாருக்கும் தெரியாதாம். "நானும் கூட சேந்து சிரிச்சிட்டு வந்துட்டேன்" என்றார். சூடாக வடை போட்டுத் தந்தேன். அதுதான் நான் கேட்ட மன்னிப்பு.

பாப்பா மடியில் சாய்ந்திருக்க நோட்டை எடுத்து எழுதினேன். டவர் குழு. கேட்ட இடம், வீடு. குரல் தெளிவு. வெட்டு இல்லை. கலப்பு இல்லை. கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. 'பணி தொடர்பான உரையாடல்' என்று எழுதினால் போதாதா? முதலில் அப்படித்தான் எழுதினேன். பிறகு, வந்தது வந்தபடி என்று அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. அதை அடித்துவிட்டு, டவரில் ஏறியவர் சொன்ன அதே வார்த்தைகளில் எழுதினேன்: அடுக்கறதுக்கு அது என்ன பாத்திரமா?

அடிக்கோடு போடவில்லை.